‘ஆபரேட்டருக்கு அறிவுறுத்தப்பட்டது’

இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டை ஒட்டி ஒரு சின்ன மெஷினிங் யூனிட். பெரிய கார் கம்பெனிக்கு நேரடியாக சப்ளை செய்பவர்கள் இல்லை. சப்ளை செய்பவருக்கு சப்ளை செய்பவர்கள். நான் அங்கே போனது வேறு வேலைக்கு, நெட்வொர்க் கேபிள் எவ்வளவு தேவைப்படும் என்று கணக்குப் பார்க்க. ஷெட்டின் ஒரு மூலையில், பிளாஸ்டிக் கவர் போர்த்தி ஒரு பிசி இருந்தது. ஆயுத பூஜைக்கு வைத்த குங்குமப் பொட்டு இன்னும் கேபினெட்டில் ஒட்டியிருந்தது. மானிட்டர் ஓரத்தில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி ஒட்டிய காகிதம்: ‘ஆஃப் பண்ணாதே. அப்டேட் கொடுக்காதே.’ அந்த யூனிட்டில் இருக்கும் எல்லா சிஎன்சி மெஷினுக்கும் ப்ரோக்ராம் போவது இந்த ஒரு பிசியிலிருந்துதான். எஃப்டிபி வழியாக.

மெயின்டனன்ஸ் பார்ப்பவரிடம் கேட்டேன். “இது என்ன விண்டோஸ்ண்ணே?”

“எக்ஸ்பி சார்.”

“இன்னுமா மாத்தல?”

அவர் கோபப்படவில்லை. “மாத்தலாம் சார். இந்த சாஃப்ட்வேர் புது விண்டோஸ்ல ஏறாது. போட்டுக் கொடுத்த கம்பெனியே இப்ப இல்ல. மெஷின்ல இருக்கிற கன்ட்ரோலர் எஃப்டிபி தவிர வேற எதுவும் பேசாது. நீங்க ஒரு வழி சொல்லுங்க, இன்னிக்கே மாத்திடறேன்.”

என்னிடம் வழி இல்லை. அன்றிலிருந்து எந்தப் பாதுகாப்பு எச்சரிக்கைக் குறிப்பைப் படித்தாலும் அந்த ஆளின் கண்ணால் படிக்கிற பழக்கம் வந்துவிட்டது. அப்படிப் படித்ததில் சேர்ந்த எரிச்சல்தான் இந்தப் பதிவு. பஃபர் ஓவர்ஃப்ளோ என்கிற நினைவக வழிவு எப்படி நடக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் என் குறி அதைப் பற்றி எழுதப்படும் எழுத்தின் மேல்தான்.

முதலில் கொஞ்சம் வரலாறு. எஃப்டிபி நம்ம ஊர்க்காரர் ஒருவர் தொடங்கி வைத்த விஷயம் என்பது பலருக்குத் தெரியாது. அலகாபாத்தில் பிறந்து, ஐஐடி கான்பூரின் முதல் பேட்சில் படித்து, எம்ஐடிக்குப் போன அபய் பூஷண், 1971 ஏப்ரல் 16 தேதியிட்டு எழுதிய ஆர்எஃப்சி 114 என்ற ஆவணம்தான் அதன் ஆரம்பம். இன்று நாம் பயன்படுத்தும் வடிவம் 1985 அக்டோபரில் ஜான் போஸ்டலும் ஜாய்ஸ் ரெனால்ட்ஸும் எழுதிய ஆர்எஃப்சி 959. இணைப்பு கிடைத்ததும் சர்வர் ஒரு வணக்கம் சொல்லும். நீங்கள் ‘யூசர்’ என்று அடித்து உங்கள் பெயரைச் சொல்ல வேண்டும். பிறகு பாஸ்வேர்டு. பிறகுதான் மற்றது.

அந்தப் பெயர் எவ்வளவு நீளம் இருக்கலாம்? அந்த ஆவணம் உச்ச வரம்பு எதையும் விதிக்கவில்லை. வரி முடியும் இடத்தில் பெயரும் முடிகிறது, அவ்வளவுதான். நீளத்தைப் பார்த்துக்கொள்வது சர்வர் எழுதுபவரின் பொறுப்பு.

இங்கே பிரச்சினை எப்படி நுழைகிறது என்பதை ஷாப் ஃப்ளோர் பாஷையில் சொல்கிறேன். ஒவ்வொரு லாட்டோடும் ஒரு ரூட் கார்டு போகும் இல்லையா? அதில் ஒரு கட்டத்தில் ஆபரேட்டர் பெயர், அடுத்த கட்டத்தில் ‘அடுத்த ஆபரேஷன்’. ஆபரேட்டர் பெயர் எழுத இருபது எழுத்துக்குத்தான் இடம் விட்டிருக்கிறார்கள் என்று வையுங்கள். ஒருவர் இருநூறு எழுத்தில் பெயர் எழுதுகிறார். பேனா கட்டத்தைத் தாண்டி ‘அடுத்த ஆபரேஷன்’ கட்டத்திலும் எழுதிக்கொண்டே போகிறது. கார்டை எடுத்துப் போகும் பையன் அந்தக் கட்டத்தில் என்ன இருக்கிறதோ அங்கே லாட்டைத் தள்ளிக்கொண்டு போவான். ஹீட் ட்ரீட்மென்ட்டுக்குப் போக வேண்டியது ஸ்கிராப் யார்டுக்குப் போகும். அல்லது, பெயரை யோசித்து எழுதியவன் எங்கே போகவேண்டும் என்று நினைத்தானோ அங்கே போகும்.

கணினியின் ஸ்டாக் பகுதியில் நடப்பதும் இதேதான். பெயருக்கு ஒதுக்கிய இடத்துக்கு அடுத்தாற்போல் ‘இந்த வேலை முடிந்ததும் எங்கே திரும்ப வேண்டும்’ என்ற முகவரி இருக்கும். நீளத்தைப் பார்க்காமல் பெயரை நகலெடுத்தால் அந்த முகவரியின் மேலேயே எழுதிவிடலாம். சர்வர் அடுத்து எதை ஓட்டும் என்பதை, பாஸ்வேர்டு கூடச் சொல்லாத ஒரு ஆள் தீர்மானிக்கிறான். வாசலில் பெயர் கேட்கும் இடத்திலேயே வீடு போய்விடுகிறது.

இது புதிய விஷயமே இல்லை. 1988 நவம்பரில் வந்த மோரிஸ் புழு, ஃபிங்கர் என்ற சேவையில் இருந்த இதே ஓட்டையைத் தன் வழிகளில் ஒன்றாகப் பயன்படுத்தியது. எல்லை பார்க்காமல் வரியை வாங்கிக்கொள்ளும் ‘கெட்ஸ்’ என்ற சி மொழிச் செயற்கூறு அங்கே காரணம். 1996 நவம்பரில் ஃபிராக் இதழின் 49ஆம் எண்ணில், இந்த உத்தியை யாரும் படித்துச் செய்து பார்க்கும்படி அலெஃப் ஒன் என்பவர் எழுதினார். 1998இல் நார்வேக்காரர் ஒருவர் எழுதிய வார்-எஃப்டிபி என்ற விண்டோஸ் சர்வரின் 1.65 பதிப்பில் இதே குறை, இதே ‘யூசர்’ கட்டளையில் கண்டுபிடிக்கப்பட்டது. ஐந்நூறு எழுத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே திரும்பும் முகவரி வந்துவிடும். அதன் பிறகு அந்த சாஃப்ட்வேர் நிஜத்தில் பயன்பட்டதை விடப் பாடத்தில் பயன்பட்டதுதான் அதிகமாக இருக்கும். இன்றைக்கும் எத்திகல் ஹேக்கிங் கற்றுக்கொடுக்கும் இடங்களில் இதைப்போன்ற பழைய எஃப்டிபி சர்வர்களை விர்ச்சுவல் மெஷினில், எக்ஸ்பி மேல் ஏற்றி, உடைத்துப் பார்க்கச் சொல்வார்கள். முடித்ததும் சர்டிஃபிகேட். “இதெல்லாம் பழசுப்பா, கான்செப்ட் புரியறதுக்காக” என்று ஒரு வரியும் கூடவே வரும். சென்னையில் உட்கார்ந்து அந்த வரியைக் கேட்டு எழுதிக்கொள்பவருக்கு, பூந்தமல்லியைத் தாண்டி ஒரு மணி நேரம் போனால் அந்தப் ‘பழசு’ மூன்று ஷிஃப்ட்டும் ஓடிக்கொண்டிருப்பது தெரியாது.

சரி, 1998ஐ விடுங்கள். 2021 நவம்பருக்கு வருவோம். ஃபோர்ஸ்கவுட், மெடிகேட் என்ற இரண்டு நிறுவனங்களின் ஆய்வாளர்கள் ‘நியூக்ளியஸ்:13’ என்ற பெயரில் 13 குறைகளை வெளியிட்டார்கள். நியூக்ளியஸ் என்பது கருவிகளுக்குள் இருக்கும் சின்ன இயங்குதளம். 1990களில் ஒரு சிறு கம்பெனி செய்தது, மென்டார் கிராஃபிக்ஸ் கைக்குப் போய், அதை 2017இல் சீமென்ஸ் வாங்கியபோது அவர்களோடு சேர்ந்து போனது. அந்த 13இல் ஆகக் கொடியது சிவிஇ-2021-31886. தீவிர மதிப்பெண் 10க்கு 9.8. குறை என்ன? எஃப்டிபி சர்வர் ‘யூசர்’ கட்டளையின் நீளத்தைச் சரிபார்க்கவில்லை. கூடவே இன்னும் இரண்டு: ஃபோல்டர் உருவாக்கும் கட்டளையிலும், இருக்கும் ஃபோல்டரைக் காட்டும் கட்டளையிலும் அதே கதை.

23 வருடம் கழித்து அதே கட்டளை, அதே கட்டம், அதே பேனா. 1998இன் குறை ஒரு மனிதர் இலவசமாக எழுதிக் கொடுத்த சர்வரில் இருந்தது. 2021இன் குறை காசு கொடுத்து லைசென்ஸ் வாங்கும் தொழிற்துறைப் பொருளில் இருந்தது. இன்னொரு வித்தியாசமும் உண்டு. மேசைக் கணினிகளில் இடைப்பட்ட காலத்தில் சில தடுப்புகள் வந்துவிட்டன. 2004இல் எக்ஸ்பியின் இரண்டாவது சர்வீஸ் பேக்கோடு, டேட்டா இருக்கும் இடத்திலிருந்து கோடை ஓட்ட விடாத ஏற்பாடு வந்தது. பிறகு முகவரிகளைக் கலைத்துப் போடும் ஏற்பாடு வந்தது. சின்னக் கருவிகளின் இயங்குதளங்களில் பெரும்பாலும் இவை இருப்பதில்லை. அதாவது பாடத்தில் ‘பழசு’ என்று சொல்லிக் கொடுப்பது கருவியில் அப்படியே வேலை செய்யும்.

இப்போது எழுத்துக்கு வருகிறேன். ஆய்வாளர்களின் அறிக்கை நல்ல வேலை. எந்தக் கட்டளை, எந்த இடம், ஏன் என்று ஒளிக்காமல் சொல்கிறது. ஆனால் செய்தியாக வெளியே போனபோது தலைப்பில் ஏறியது ‘300 கோடி கருவிகள்’. அது நியூக்ளியஸின் சொந்த விளம்பரப் பக்கத்தில் இருந்த எண். அதில் பெரும்பகுதி போன்களின் ரேடியோ சிப் போன்ற உள்பாகங்களாகத்தான் இருக்கும் என்று ஆய்வாளர்களே எழுதியிருந்தார்கள். தலைப்பு போடுபவர் அந்த வரி வரை வரவில்லை போலிருக்கிறது. மூலையில் பிசியை வைத்துக்கொண்டிருக்கும் நம்ம ஆளுக்கு 300 கோடி எதற்கு? அவருக்கு வேண்டியது ஒரே பதில்தான்: என் ஷெட்டில் இருக்கும் பெட்டிகளில் இது இருக்கிறதா, இல்லையா?

அந்தப் பதில் எங்கேயும் இல்லை. நியூக்ளியஸை வாங்கிக் கருவி செய்த கம்பெனி வேறு, அதை பேனலில் வைத்து மெஷின் கட்டிய கம்பெனி வேறு, இறக்கி விற்ற டீலர் வேறு. அரசு அமைப்பு வெளியிடும் குறிப்பில் கடைசியில் வழக்கமான பத்தி ஒன்று இருக்கும்: கருவிகளை இன்டர்நெட்டில் விடாதீர்கள், ஃபயர்வாலுக்குப் பின்னால் வையுங்கள், ஆபீஸ் நெட்வொர்க்கிலிருந்து பிரியுங்கள், தேவைப்படாத சேவையை நிறுத்துங்கள். ஒவ்வொரு வரியும் சரி. பல வருடமாகக் கிட்டத்தட்ட அதே வரிகள்தான் வருகின்றன என்பதுதான் உறுத்துகிறது. ‘எஃப்டிபியை நிறுத்துங்கள்’ என்றால் அந்த யூனிட்டில் உற்பத்தியை நிறுத்துங்கள் என்று அர்த்தம்.

அந்தப் பத்தியை அந்த வட்டாரத்தின் தரக் கட்டுப்பாட்டு அளவுகோலில் வைத்துப் பார்த்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். ஒரகடத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ ஒரு வெண்டரிடமிருந்து ஒரு கெட்ட பாகம் லைனுக்குப் போய்விட்டால், கஸ்டமர் 8டி ரிப்போர்ட் கேட்பார். ஏன், ஏன் என்று ஐந்து முறை கேட்டு மூலகாரணத்துக்குப் போக வேண்டும். தற்காலிகத் தடுப்பு என்ன, நிரந்தரத் தீர்வு என்ன, இதே குறை வரக்கூடிய மற்ற பாகங்களில் என்ன செய்தீர்கள், எல்லாம் எழுத வேண்டும். அவசரத்தில் இருக்கும் வெண்டர் மூலகாரணம் என்ற கட்டத்தில் ‘ஆபரேட்டர் கவனக்குறைவு’ என்றும், தீர்வு என்ற கட்டத்தில் ‘ஆபரேட்டருக்கு அறிவுறுத்தப்பட்டது’ என்றும் எழுதி அனுப்புவார். நல்ல குவாலிட்டி இன்ஜினியர் அதை அன்றைக்கே திருப்பி அனுப்பிவிடுவார். மனிதன் தவறு செய்வான், தவறு செய்ய முடியாதபடி ஃபிக்சரை மாற்று என்பார். அதற்கு போகா-யோகே என்று ஜப்பானியப் பெயர். பத்தாவது படித்துவிட்டு வேலைக்கு வந்த டிரெயினிக்குக்கூட அந்த வார்த்தை தெரியும்.

இந்த அளவுகோலில், நான் படித்த பாதுகாப்புக் குறிப்புகளில் பெரும்பாலானவை ‘ஆபரேட்டருக்கு அறிவுறுத்தப்பட்டது’ வகையைச் சேர்ந்தவை. ‘அப்டேட் செய்யவும், பிரித்து வைக்கவும், கவனமாக இருக்கவும்.’ குறை செய்தவர் 8டி எழுதுவதே இல்லை. நீளம் பார்க்காத நகலெடுப்பு 1988இலேயே தெரிந்த விஷயம் என்றால் 2021 வரை அது எப்படிப் பரிசோதனையைத் தாண்டியது? அந்த ‘ஏன்’ஐ யாரும் கேட்டு நான் பார்க்கவில்லை. இத்தனைக்கும் சாஃப்ட்வேர் உலகத்தில் போகா-யோகே இல்லாமல் இல்லை. எல்லை தாண்டி எழுதவிடாத மொழிகள் இருக்கின்றன. சி மொழியில்கூட ‘கெட்ஸ்’ஐ 2011 தரநிலையில் ஒருவழியாக எடுத்துவிட்டார்கள். மோரிஸ் புழுவுக்கும் அதற்கும் இடையில் 23 வருடம்! ஒரு கெட்ட ஃபிக்சரைத் தூக்கிப் போட இத்தனை வருடம் எடுத்துக்கொள்ளும் வெண்டரை இந்த காரிடாரில் யாரும் வைத்திருக்க மாட்டார்கள்.

இந்த இடத்தில் என்னை மடக்க ஒரு உதாரணம் இருக்கிறது, அதுவும் இதே வட்டாரத்தில். 2017 மே 12, வெள்ளிக்கிழமை. வானாக்ரை கிளம்பியது. அடுத்த நாளே ஒரகடத்தில் இருக்கும் ரெனோ-நிஸான் ஆலையும் பாதிக்கப்பட்டு உற்பத்தி நின்றதாகச் செய்தி வந்தது. பிரான்ஸில் டூவே, இங்கிலாந்தில் சண்டர்லேண்ட் ஆலைகளும் அந்தப் பட்டியலில். திருப்பதி தேவஸ்தானத்தின் சில கணினிகள், ஆந்திரக் காவல்துறைக் கணினிகள் என்று அக்கம்பக்கத்திலும் செய்திகள்.

அதுவும் கோப்புப் பரிமாற்ற சர்வரில் இருந்த நினைவக வழிவுதான். எஃப்டிபி இல்லை, விண்டோஸ் ஷேர் ஃபோல்டரின் பின்னால் இருக்கும் எஸ்எம்பி, அதன் பழைய முதல் பதிப்பு. அதில் இருந்த தவறு எனக்கு மிகவும் பிடித்த தவறு (பிடித்த என்பது சரியான வார்த்தையா தெரியவில்லை). ஓஎஸ்/2 என்ற பழைய இயங்குதளத்துக்காக வைத்திருந்த ஒரு பட்டியலை விண்டோஸ் வடிவத்துக்கு மாற்றும் சின்ன வேலை. பட்டியலின் மொத்த நீளம் ஒரு பெரிய எண்ணாக இருக்கும். கடைசியில் சேதமான பகுதி இருந்தால் அதைக் கழித்துவிட்டு நீளத்தைத் திருத்தி எழுத வேண்டும். எழுதும்போது எண்ணின் கீழ்ப் பாதியை மட்டும் மாற்றினார்கள், மேல் பாதியைத் தொடவில்லை.

நம்ம கணக்கில் சொன்னால்: லெட்ஜரில் 10,000 என்று இருக்கிறது. 9,987 என்று குறைக்க வேண்டும். நீங்கள் கடைசி நான்கு இலக்கத்தை மட்டும் அழித்து 9987 என்று எழுதுகிறீர்கள். முன்னால் இருந்த 1 அப்படியே நிற்கிறது. குறைக்கப் போனது 19,987 ஆகிவிட்டது. நிஜத்தில் ஆய்வாளர்கள் காட்டிய உதாரணம்: 65,536 என்பது 65,373 ஆக வேண்டும், 1,30,909 ஆனது. இடம் ஒதுக்கியது சின்னக் கணக்குக்கு, நகலெடுத்தது பெரிய கணக்குக்கு. அது நடந்தது விண்டோஸின் கருவுக்குள். அதனால் கிடைத்தது முழு அதிகாரம்.

அந்தக் குறையை அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏ கண்டுபிடித்துப் பல வருடம் தன்னிடமே வைத்திருந்தது. மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்று எம்எஸ்17-010 என்ற பெயரில் பேட்ச் வெளியிட்டது. ஏப்ரல் 14 அன்று ஷேடோ புரோக்கர்ஸ் என்ற கும்பல் உளவு அமைப்பின் கருவியை வெளியே போட்டது. மே 12 புழு. ஆக, பேட்ச் வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. “அப்டேட் பண்ணலையா?” என்ற கேள்வி அங்கே முழு நியாயம்தானே?

பாதி நியாயம் என்பேன். அன்றைக்கு எல்லோரும் எக்ஸ்பியைத் திட்டினார்கள். நானும்தான். பிறகு வந்த கணக்கில், தொற்றிய கணினிகளில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7 என்று காஸ்பர்ஸ்கை சொன்னது. எக்ஸ்பியில் அந்தத் தாக்குதல் பெரும்பாலும் நீலத் திரை காட்டி விழுந்ததே தவிர சரியாகத் தொற்றவில்லை. விண்டோஸ் 7க்கு இலவச பேட்ச் இருந்தது. எனவே என் மெயின்டனன்ஸ் நண்பரின் சாக்கு, 2017இன் எல்லாக் கணினிகளுக்கும் பொருந்தாது. பல இடங்களில் சும்மா சோம்பேறித்தனம்தான். இதை ஒத்துக்கொள்ளாமல் என் வாதத்தை நடத்த எனக்கு இஷ்டமில்லை.

ஆனால் மறுபாதியையும் பார்க்க வேண்டும். எக்ஸ்பிக்கான பேட்சை மைக்ரோசாஃப்ட் எல்லோருக்கும் திறந்துவிட்டது மே 13 அன்று, தீப்பிடித்த மறுநாள். அந்த பேட்ச் ஃபைல்களின் டிஜிட்டல் கையொப்பம் பிப்ரவரித் தேதியில் இருந்ததை அப்போதே பலர் சுட்டிக்காட்டினார்கள். தனி ஒப்பந்தம் போட்டுப் பணம் கட்டும் பெரிய வாடிக்கையாளர்களுக்காக அது முன்பே தயாராகி இருந்தது. மே 14 அன்று மைக்ரோசாஃப்டின் பிராட் ஸ்மித், அரசாங்கங்கள் குறைகளைப் பதுக்குவதைக் கண்டித்து, ராணுவத்திடமிருந்து டோமஹாக் ஏவுகணை திருடு போவதோடு ஒப்பிட்டு எழுதினார். சரியான கண்டனம். ஆனால் அந்தப் பதிவில் பிப்ரவரி பேட்சைப் பற்றிப் பேச்சு இல்லை. வாடிக்கையாளர்கள் அப்டேட் செய்ய வேண்டும் என்ற பாடம் உண்டு. ஆபரேட்டருக்கு அறிவுறுத்தப்பட்டது.

‘பேட்ச் போடு’ என்பது ஆலையில் என்ன பொருள் தரும் என்பதற்கு இன்னொரு சம்பவம். 2018 ஆகஸ்ட் 3, தைவானின் டிஎஸ்எம்சி. ஐபோனுக்கு சிப் செய்யும் இடம். பணத்துக்கோ ஆளுக்கோ பஞ்சம் கிடையாது. புதிதாக வந்த ஒரு மெஷினை வைரஸ் சோதனை செய்யாமல் நெட்வொர்க்கில் செருகினார்கள். அதற்குள் வானாக்ரையின் ஒரு வகை இருந்தது. பேட்ச் போடாத விண்டோஸ் 7 கருவிகள் வரிசையாக விழுந்தன. அந்தக் காலாண்டு வருவாயில் 3 சதவீதம் பாதிக்கும் என்று கம்பெனியே முதலில் அறிவித்தது. பேட்ச் வந்து 17 மாதத்துக்குப் பிறகு. ஏன் போடவில்லை? மெஷினோடு வந்த கணினியில் கை வைத்தால் வாரன்டி போய்விடும் என்பது எந்த ஷெட்டிலும் கேட்கிற பயம். சர்வீஸ் இன்ஜினியர் வந்து பார்க்காமல் எதையும் ஏற்றக் கூடாது. அவர் வருவதற்குக் காசு, அதுவரை மெஷின் நிற்கும். லைன் நின்றால் கஸ்டமர் டெபிட் நோட் அனுப்புவார். சின்ன யூனிட்டுக்கு ஒரு டெபிட் நோட் என்பது அந்த மாதச் சம்பளம்.

நம்ம அரசாங்கம் என்ன சொல்கிறது? செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று ஒரு உத்தரவு போட்டது. சம்பவம் தெரிந்த ஆறு மணி நேரத்தில் தெரிவிக்க வேண்டும். 180 நாள் லாக் வைத்திருக்க வேண்டும். தெரிவிக்க வேண்டிய சம்பவங்களின் பட்டியலில் ஆலைக் கட்டுப்பாட்டுக் கருவிகள் மீதான தாக்குதலும் உண்டு. சிறு தொழில்களுக்கு அந்த செப்டம்பர் வரை அவகாசம் கொடுத்தார்கள். கன்ட்ரோலருக்குள் இருக்கும் எஃப்டிபி சர்வர் எத்தனை நாள் லாக் வைத்திருக்கும் என்று ஒரு முறை போய்ப் பார்த்தால் இந்த வரியை இப்படியே எழுதியிருக்க முடியுமா என்று எனக்குச் சந்தேகம். நான் பார்த்தவற்றில் பவர் போனால் நேரமே அழிந்துவிடும்.

இரண்டு விஷயத்தைப் பாராட்டியே ஆக வேண்டும். 2025 பிப்ரவரியில் அமெரிக்காவின் சிசாவும் எஃப்பிஐயும் சேர்ந்து வெளியிட்ட குறிப்பு, பஃபர் ஓவர்ஃப்ளோவை மன்னிக்க முடியாத குறை என்றே சொல்லி, அதைத் தவிர்க்கும் வேலையைச் செய்பவர் தலையில் வைத்தது. நான் படித்ததில் வெண்டரைப் பார்த்துப் பேசிய முதல் அரசுக் குறிப்புகளில் அது ஒன்று. அடுத்தது, 2024 அக்டோபரில் செர்ட்-இன் வெளியிட்ட எஸ்பிஓஎம் வழிகாட்டுதல். சாஃப்ட்வேருக்குள் என்னென்ன பாகம் இருக்கிறது என்ற பட்டியலைத் தரச் சொல்வது. அரசு, பொதுத்துறை, அத்தியாவசியச் சேவை ஆகியவற்றை மனதில் வைத்து எழுதியது. நம்ம மூலை பிசி வரை வர எத்தனை காலமோ.

இந்த காரிடாருக்கு அந்தப் பட்டியலை விளக்க வேண்டிய அவசியமே இல்லை என்பதுதான் வேடிக்கை. பிஓஎம் இல்லாமல் இங்கே ஒரு பொருள் நகராது. ஒரு போல்ட்டைக் காட்டினால் அது எந்த ஹீட் நம்பர் இரும்பிலிருந்து வந்தது, எந்த ஷிஃப்ட்டில் ஓடியது என்று காகிதம் எடுத்துக் காட்டுவார்கள். அதே போல்ட்டுக்கு மரை வெட்டிய மெஷினின் கன்ட்ரோலருக்குள் எந்த இயங்குதளம், அதில் யார் எழுதிய எஃப்டிபி சர்வர், எந்தப் பதிப்பு என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. பல லட்சம் கொடுத்து வாங்கிய மெஷின். கேட்க வேண்டும் என்பதே யாருக்கும் தோன்றவில்லை. பர்ச்சேஸ் ஆர்டரில் ஸ்பிண்டில் வேகம் இருக்கும், டூல் எண்ணிக்கை இருக்கும், கூலன்ட் பம்பின் குதிரைத்திறன்கூட இருக்கும்.

அந்த யூனிட்டில் கடைசியில் என்ன செய்தோம் என்று சிலர் கேட்கலாம். பெரிதாக ஒன்றுமில்லை. பழைய பிசிக்கும் மெஷின்களுக்கும் தனி ஸ்விட்ச். அதற்கும் ஆபீஸ் நெட்வொர்க்குக்கும் நடுவில் ஒரு சின்ன ஃபயர்வால் பெட்டி. ஆபீஸிலிருந்து ஒரே ஒரு கணினி மட்டும் ப்ரோக்ராம் ஃபைலை உள்ளே தள்ளலாம், ஷேர் ஃபோல்டருக்கான 445 போர்ட் இரண்டு பக்கமும் மூடல். பெண்டிரைவ் செருகும் இடத்தில் டேப். எல்லா மெஷினின் பாராமீட்டரையும் ப்ரோக்ராமையும் எடுத்து இரண்டு இடத்தில் வைத்தோம். இதில் ஒரு சங்கடமும் நடந்தது: ஒரு மெஷினின் பேட்டரி இறங்கும் நிலையில் இருந்தது, பேக்கப் எடுக்கப் போனபோதுதான் தெரிந்தது. ஹேக்கர் வராமலே அந்த மெஷின் தன் நினைவை இழந்திருக்கும். ஓட்டை எதையும் நாங்கள் அடைக்கவில்லை. எட்டாத இடத்தில் வைத்தோம், அவ்வளவுதான். குறிப்புகளின் கடைசிப் பத்தி சொல்வதைத்தான் செய்தோம் என்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை. 8டியில் அதற்குத் தற்காலிகத் தடுப்பு என்று பெயர், மூன்றாவது படி.

அதே வாரம் மெயின்டனன்ஸ் அண்ணனை விட்டே மெஷின் டீலருக்கு ஒரு மெயில் அனுப்பச் சொன்னேன். இரண்டே கேள்வி. இந்த கன்ட்ரோலரின் எஃப்டிபி சர்வர் எந்த இயங்குதளத்தின் மேல் ஓடுகிறது? ‘யூசர்’ கட்டளையில் எத்தனை எழுத்து வரை வாங்கும்? நான்கு நாள் கழித்து சர்வீஸ் டிபார்ட்மென்ட்டிலிருந்து போன் வந்தது. “சார், லாகின் ஆக மாட்டேங்குதா? பாஸ்வேர்டு ரீசெட் பண்ணணுமா?”